நாலு பத்து

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டு நாற்காலியில் அரைமணி சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். "முதுகுக்கு ஒரு தலையணை வெச்சுக்கங்கப்பா" என்று மகள் தினமும் சொல்வாள். அவள் பிசியோதெரபிஸ்ட். யாருக்கு எங்கே பிடித்துக்கொள்ளும் என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நான் தலையணை வைத்துக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். நான் இருபத்தேழு வருடம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் கேப்சூல் நிரப்பும் பகுதியில் மேற்பார்வையாளராக இருந்தவன். கேப்சூல் என்பது ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு கூடு, உள்ளே பொடி, அவ்வளவுதான். மூடியை அழுத்தும்போது 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். அது வந்தால்தான் சரியாக மூடியதாக அர்த்தம். என் பகுதியிலிருந்து போன சரக்கு ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. பாதுகாப்புக் குழுவிலும் இருந்தேன். முதலுதவி அறையில் சுவரொட்டி ஒட்டுவது என் பொறுப்பு. கண்ணில் பொடி விழுந்தால் என்ன செய்ய வேண்டும், தீக்காயம் பட்டால் என்ன செய்ய வேண்டும், வாய் கோணிக் கை தொங்கினால் என்ன செய்ய வேண்டும் எல்லாம் நான் ஒட்டியவைதான். ஒட்டுவதற்கு முன் ஒரு முறை படித்துவிடுவேன். எழுத்துப் பிழை இருந்தால் எனக்கு ஆகாது.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதும் உத்தியோகம். ஓட்டுநர்கள் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "ரெண்டு நிமிஷம் முன்னப்பின்னப் போட்டுக்கங்கண்ணே" என்று யாராவது கெஞ்சினால், "பொறக்கறப்ப உங்கம்மாவை ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கச் சொன்னியா?" என்று கேட்பாராம். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று பெயர். அப்படிப்பட்டவரோடு கூடப் பிறந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கூடத்துக் கடிகாரத்தைப் பார்ப்பார். "அஞ்சு நிமிஷம் முந்தி ஓடுதுடா" என்பார். திருத்தி வைக்க மாட்டார். "உன் வீட்டுக் கடிகாரம், நீதான் திருத்தணும்" என்பார். நான் திருத்தவில்லை.

என் மனைவிக்கு முப்பத்தாறு வயதில் பக்கவாதம் வந்தது. பதினாறு வருடம் ஆகிறது. பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. நான்கு வருடம் படுக்கையில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். பக்கவாதம் வந்தபோது மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விடுவாள். ஒரு விரலுக்கு இருபது தடவை. யாரோ அப்படிச் செய்தால் உணர்ச்சி திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். திரும்பவில்லை. ஆனால் அவளுக்குப் படிப்பு எது என்று அப்போதே முடிவாகிவிட்டது. அந்த வகையில் பார்த்தால் பெண்ணுக்கு ஒரு வழி பிறந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பக்கவாதம் வந்த அன்று நடந்தது இது. மதியம் எனக்கும் என் மனைவிக்கும் வாக்குவாதம். மகள் பள்ளிச் சுற்றுலா போயிருந்தாள், திரும்ப இரண்டு நாள் ஆகும். அண்ணன் தினமும் பணிமனையிலிருந்து நான்கு பத்துக்கு எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவார். நாலு பத்து வண்டி கிளம்பியதும் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு. அன்றும் மணி அடித்தது. அவள்தான் எடுத்தாள். எடுத்தவளுக்கு வாய் குழறியது. நான் ரிசீவரை வாங்கி, "வாயில எதையோ மென்னுக்கிட்டிருக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். சண்டையில் நடிக்கிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் அண்ணனிடம் பிறகு சொன்னேன். ஆஸ்பத்திரியில் மருத்துவர், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மூன்று தடவை கேட்டார். மதியமே படுத்துத் தூங்கினாள், எப்போது ஆனது என்று தெரியாது என்றேன். எந்த நேரத்தில் ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடியாது என்றார். சரி என்றேன்.

அண்ணன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். சீருடையைக்கூட மாற்றவில்லை. "நாலு பத்துக்கே அவளுக்குப் பேச்சு குழறிச்சேடா" என்றார்.

"நடிக்கறான்னு நெனச்சேண்ணே. அப்புறம் பயந்துட்டேன்" என்றேன். "பாப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம். தெரிஞ்சா எம் மூஞ்சியில முழிக்க மாட்டா."

அவர் என் தோளைத் தொட்டு, "சொல்ல மாட்டேன். இது என்னோட போயிடும்" என்றார். அடுத்த வாரமே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டில் வந்து தங்கிவிட்டார். பதினாறு வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைக் குத்திக் காட்டியதில்லை. மகளுக்குக் கட்டணம் கட்ட வரிசையில் நின்றவர் அவர், இரண்டு சக்கர வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அவர். அவளுக்குப் பெரியப்பா என்றால் உயிர்.

ஆனால் தினமும் ஒன்று செய்வார். நான்கு பத்துக்கு மணிக்கட்டைத் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். எதையாவது படித்துக்கொண்டிருந்தாலும் சரி, தூங்கி எழுந்து உட்கார்ந்திருந்தாலும் சரி. பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டுவிடுவார். பணிமனைப் பழக்கம் என்று நீங்கள் சொல்லலாம். மகளும் அப்படித்தான் சொல்வாள், "பெரியப்பாவுக்கு நாலு பத்து வண்டி இன்னும் ஓடிக்கிட்டேயிருக்கு" என்று சிரிப்பாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினாறு வருடத்தில் ஐந்தாயிரம் தடவைக்கு மேல் வருகிறது. ஒரு மனிதன் ஐந்தாயிரம் தடவை உங்கள் எதிரில் உட்கார்ந்து அதைச் செய்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் அவரை வெறுத்தேன். அதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை. அவர் கை கழுவுவது, சட்டைப் பித்தான் போடுவது, தண்ணீர் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமுவது எல்லாமே எனக்கு ஆகாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு மறதி தொடங்கியது. அடுப்பை அணைக்காமல் போனார். ஒரே நாளில் மூன்று முறை ரொட்டி வாங்கி வந்தார். மகள் பதறிப்போனாள். நான் பதறவில்லை. இத்தனை வருடமாக ஒரு கண்கொத்திப் பாம்போடு குடியிருந்தவனுக்குப் பாம்பே கண்ணை மூட ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? நன்றாகத் தூங்கினேன்.

மறதிக்கு வைத்தியம் பார்க்கிற அந்த நினைவாற்றல் மையத்தைத் தேடிக் கண்டுபிடித்தவள் மகள்தான். மூளைச் செல்கள் சாகாமல் காப்பாற்றுகிற புது மருந்து, ஒன்றரை வருட ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் பொடி. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது. வீட்டில் கூடவே இருக்கிற ஒருவர் தினமும் மருந்தைக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிச்சத்தோடு குப்பியைத் திருப்பித் தர வேண்டும். எண்ணிப் பார்த்து வாங்குவார்கள். மகள் வேலைக்குப் போகிறவள். வீட்டில் இருப்பவன் நான். கையெழுத்துப் போட்டேன்.

மருத்துவர் நல்ல பெண்மணி, பொறுமையாக விளக்கினார். "இது நோயைக் குணப்படுத்தாது. இருக்கறதைக் காப்பாத்தும், அவ்வளவுதான். இந்த நோய்ல புதுசுதான் முதல்ல போகும். நேத்து சாப்பிட்டது, போன வாரம் வந்தவங்க, இப்படி. பழசு கடைசியிலதான் போகும். மனசுல ஆழமாப் பதிஞ்சது ரொம்பக் கடைசியில." மகள் அதைக் குறித்துக்கொண்டாள். நான் கவனிக்கவில்லை. மேசைமேல் இருந்த குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை உடல், சாம்பல் மூடி. இணைப்பில் பட்டை ஒட்டாத கூடு. பட்டை ஒட்டியிருந்தால் திறக்கும்போது கிழிந்து தெரிந்துவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. அந்த நேரத்தில் எனக்கு எந்த எண்ணமும் இல்லை, தொழில் புத்தியில் பார்த்தேன்.

அங்கே சோதனை எடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் தொங்கும். பத்து வார்த்தை படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "ஒரு கடிகாரம் வரைங்க. முள்ளைப் பதினொண்ணு பத்துல வைங்க" என்பாள். சரியா தப்பா என்று சொல்ல மாட்டாள், தலைகூட ஆட்ட மாட்டாள். எதிரே இருப்பவர் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதை அப்படியே எழுத வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அண்ணன் முதல் தடவை வரைந்த கடிகாரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். நிமிஷக் கோடுகள் அறுபதையும் போட்டிருப்பார்.

முதல் ஆறு மாதம் குப்பியில் இருந்ததை அப்படியே கொடுத்தேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்தது. அவர் கீழே இறங்கவில்லை, இருந்த இடத்திலேயே நின்றார். ரொட்டி ஒரு தடவைதான் வாங்கினார். நான்கு பத்துக்குக் கையைத் திருப்பினார்.

ஆறாவது மாதம் ஒரு நாள் காலை, மகள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "டேய் தம்பி, எனக்கு இது முத்தறதுக்குள்ள உங்கிட்ட ஒண்ணு பேசணும். அவ இல்லாதப்ப."

இத்தனை வருடம் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது இப்போது மேலே வரப்போகிறது, மகளிடம் சொல்லிவிட்டுத்தான் சாகப்போகிறார் என்று புரிந்துகொண்டேன். "துணி காயப் போடணும், அப்புறம் பேசலாம்" என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். மறுநாளும் கேட்டார். மறுநாளும் துணி இருந்தது.

அந்த வாரம் முதல் கேப்சூலைத் திறந்தேன். சமையல் மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து, பொடியைக் கொட்டிவிட்டு, சோள மாவை நிரப்பி மூடினேன். டிக். தொண்ணூறு கேப்சூலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வேலை பார்த்த நாட்களில் ஆட்களை வைத்துச் செய்ததை இப்போது என் கையாலேயே செய்தேன், கை மறக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது, எடையும் ஏறக்குறைய சரி. மையத்தில் ஒரு கேள்விகூட வரவில்லை.

கொட்டிய பொடியை என்ன செய்தேன் என்று நேற்று கேட்டீர்கள். எறியவில்லை. மருந்தை எறிவது எனக்குப் பழக்கம் இல்லை. ஒரு பழைய கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்து, தினமும் காலையில் வெந்நீரில் கலந்து நானே குடித்தேன். கொஞ்சம் கசக்கும். எனக்கும் அறுபத்திரண்டு ஆகிறது, அப்பா வழியில் மறதி இருக்கிறது. வீணாகப் போவதை ஒருவன் பயன்படுத்திக்கொண்டால் அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அண்ணன் இறங்க ஆரம்பித்தார். ஆனால் மெதுவாக. குளிர்பதனப் பெட்டியின் கதவில் மகள் ஒரு தாளை ஒட்டியிருந்தாள், மையத்தில் கொடுத்தது. மறதி உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாத மாத்திரைகளின் பட்டியல். ஒன்பது வரி. அதைத் தினமும் பால் எடுக்கும்போதெல்லாம் படிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது வரியில் இருந்தது மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிற வகை. வயதானவர்களுக்கு மூளையை மந்தமாக்கும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. அதை மாலைப் பாலில் கலந்து கொடுத்தேன். இவ்வளவு விவரமாக அவர்கள் எழுதி ஒட்டியிருக்காவிட்டால் எனக்கு அது தோன்றியிருக்காது. பொறுப்பு என்று பார்த்தால் அதிலும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

அதற்குப் பிறகு வேகமாக நடந்தது. கைக்கடிகாரத்தைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டார். தெருமுனை வரை போனவரை யாரோ கூட்டி வந்து விட்டார்கள். பணிமனைக் கூண்டின் சாவியைக் காணோம் என்று அலமாரியைக் கவிழ்த்தார். பயமும் வந்தது. சாப்பாட்டு மேசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ ஆகுதுடா. வண்டியெல்லாம் வருது, ஆனா நம்பர் பலகை இல்லாம வருது. எதை எங்க எழுதறதுன்னு தெரியல" என்றார். சரியாகிவிடும் என்று சொல்லி முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

பத்தாவது மாதம் ஒரு நாள் நான்கு பத்து ஆனது, அவர் கையைத் திருப்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். பிறகு எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தேன். சந்தோஷமாக இருந்தது. பதினாறு வருடத்தில் அந்த வீட்டில் நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் அவர் என்னை யாரோ என்று நினைத்துக்கொண்டார். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் கட்டடத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். "சார் எந்த ரூட்டுக்கு நிக்கறீங்க?" என்று கேட்டார். ஏதோ ஒரு எண் சொன்னேன்.

"அது வர இன்னும் நேரம் இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், ஒரு உதவி. எனக்கு மறதி வந்துக்கிட்டிருக்கு. எந்தம்பிக்கு ஒரு சேதி சொல்லணும். எங்கிட்ட ஒரு விஷயம் இருக்கு சார், அது வெளிய வரக் கூடாது, வந்தா அவன் பொண்ணு அவனை விட்டுப் போயிடும். வாயி எங்கட்டுப்பாட்டுல இருக்கறப்பவே என்னை எங்கயாவது தூரமா ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்துடச் சொல்லணும். தெரியாத ஊரா இருந்தா நல்லது. நான் என்ன உளறினாலும் யாருக்கும் புரியாது பாருங்க. இதைச் சொல்லலாம்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். அவன் துணி காயப் போடப் போயிடறான்" என்றார்.

"சொல்லிடறேன்" என்றேன்.

"நல்லவன் சார். கொஞ்சம் பயந்த சுபாவம்" என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். அன்று மாலை பால் கொடுத்தேனா என்றுதானே? கொடுத்தேன். ஒரு வேலையைப் பாதியில் விடுகிறவன் அல்ல நான். அதோடு, அவர் சொன்னதை எந்த அளவுக்கு நம்புவது? நோயாளி.

ஒரு வருடச் சோதனைக்கு மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். "பெரியப்பா இவ்வளவு சீக்கிரமா இறங்கறது சரியில்லப்பா. நானும் உள்ள வர்றேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். பிறகு அந்தச் சின்ன அறைக்குள் போனோம். அண்ணன், எதிரே நிறுத்துக் கடிகாரப் பெண், சுவரோரமாக நானும் மகளும். வார்த்தைகள் பத்தில் ஒன்றுகூட அவருக்குத் திரும்பி வரவில்லை. தாளைக் கொடுத்தாள். "ஒரு கடிகாரம் வரைங்க. முள்ளைப் பதினொண்ணு பத்துல வைங்க."

வட்டம் நசுங்கி வந்தது. எண்களெல்லாம் ஒரு பக்கமாக வழிந்து கிடந்தன. ஆனால் முள் இரண்டையும் யோசிக்காமல் போட்டார். சின்ன முள் நாலில், பெரிய முள் இரண்டில். அந்தப் பெண் வேறு தாள் கொடுத்து மறுபடி அதையே சொன்னாள். மறுபடியும் நாலு பத்து. விதிப்படி அவள் ஒரு கேள்வி கேட்கலாம் போலிருக்கிறது. "இது எத்தனை மணின்னு சொல்ல முடியுமா?" என்றாள்.

"நாலு பத்தும்மா" என்றார் அண்ணன். குரல் பணிமனைக் குரல், ஒரு தடுமாற்றம் இல்லை. "அப்பத்தான் ஃபோன் போட்டேன். தம்பி பொண்டாட்டி எடுத்தா. பேச்சு வரல, கொழகொழன்னு என்னமோ சொன்னா. தம்பி வாங்கி வெச்சுட்டான். அப்ப ஆரம்பிச்சது. எட்டு நாப்பத்தொண்ணுக்குத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கான். அவ தூங்கிக்கிட்டிருந்தான்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டான். பயந்துட்டான் பாவம்." கொஞ்சம் யோசித்தார். "இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். யாருக்குன்னு ஞாபகம் வரல. நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா."

அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதினாள். அது அவள் சட்டம். மருத்துவர் அன்றே சொன்னதுதான், பழசு கடைசியில்தான் போகும். நான் அழித்தது அவருடைய ஞாபகத்தை அல்ல, அதைப் பூட்டி வைத்திருந்த புத்தியை. அவரை அப்படியே விட்டிருந்தால் செத்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார். மருந்து அந்தப் பூட்டைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கவனிக்காமல் விட்டது என் தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். தொழிலில் நான் அப்படி விட்டதில்லை.

மகள் அழவில்லை. அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை வரிவரியாகப் படித்தவள், நேரமெல்லாம் மனப்பாடம். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். "நாலு பத்துலேருந்து எட்டு நாப்பத்தொண்ணு வரைக்கும் நீங்க என்ன பண்ணீங்கப்பா?"

அதற்குப் பிறகு அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவள்தான் மருத்துவரைப் பிடித்து ஆராய்ச்சி ரகசியத்தைத் திறக்க வைத்தாள். அண்ணனுக்கு ஒதுக்கியது நிஜ மருந்து, அவர் ரத்தத்தில் அது ஒரு துளிகூட இல்லை, பாலில் கலந்த மாத்திரைதான் இருந்தது. குப்பியில் சோள மாவு. மாத்திரைகளை நிறுத்தியதில் அண்ணன் இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறார் என்று காலையில் சொன்னீர்கள். "தம்பி சாப்பிட்டானா?" என்று விசாரித்தாராம். அவர் எப்போதும் அப்படித்தான், விட மாட்டார்.

மகள் கேட்டதற்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஒரு பிரதி கொடுப்பீர்கள் என்றால் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். இது எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது, அந்த மருந்து நல்ல மருந்து, அந்த ஆராய்ச்சிக்காரர்களிடம் சொல்லலாம்.

அவள் அம்மா நடிக்கவில்லை என்று எனக்கு நான்கு பத்துக்கே தெரியும். தொலைபேசிக்குப் பக்கத்திலேயே தரையில் சரிந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை தொங்கியது. நான் ஒட்டிய சுவரொட்டியில் இருந்த படம் மாதிரியே. வாசல் கதவுப் பக்கத்தில் அவள் கட்டி வைத்த பெட்டி இருந்தது. மகள் சுற்றுலாவிலிருந்து வந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுவதாக மதியம் சொல்லியிருந்தாள். வேறு ஊரில் வேலையும் பார்த்து வைத்திருந்தாள். நான் அவள் தலைக்கு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தேன். இடது கையால் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களைப் பிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நான் தலையணை வைத்துக்கொள்வதில்லை, முதுகுக்கும் சரி, தலைக்கும் சரி.

பிறகு பெட்டியைப் பிரித்தேன். அவளுடைய துணிகளை அவள் அலமாரியில் வைத்தேன், மகளுடைய சட்டைகளை மடித்து அவள் அலமாரியில் வைத்தேன், பள்ளிச் சான்றிதழ்களை உறையில் போட்டேன். காலிப் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். தேநீர் போட்டேன். அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, நான் எங்கே போனாலும். சுவரொட்டியில் கடைசி வரி இது: ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால் நோயாளி எழுந்து நடக்க வாய்ப்பு உண்டு. எழுந்து நடந்தால் போய்விடுவாள். எட்டு நாற்பது வரை உட்கார்ந்திருந்தேன். கூடத்துக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது என்று அண்ணன் சொல்லியிருந்தார் அல்லவா, அவர் நேரத்தில் பிசக மாட்டார். அதனால் அந்தக் கடிகாரத்தில் எட்டே முக்கால் ஆகும்வரை இருந்து, அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மகள் வந்தபோது அவளுடைய ஒரு சட்டைகூட இடம் மாறியிருக்கவில்லை. அம்மா இருந்தாள், அப்பா இருந்தேன், வீடு இருந்தது. அவளுக்காக நான் அதைக் கலையாமல் வைத்திருந்தேன், அதற்கு இதுவரை அவள் எனக்கு ஒரு நன்றி சொன்னதில்லை.